டபிள்யூ-8பென் படிவம்: வன்னியிலிருந்து டொலர் உழைப்பவருக்கு எப்படி?

யூரியூப் அலைவரிசை, அமேசனில் மின்னூல், அப்வேர்க்கில் மென்பொருள் வேலை, எதுவாயினும் அமெரிக்க நிறுவனம் காசு விடுவதற்கு முன் ஒரு வரிப் படிவம் கேட்கும். அமெரிக்கர் கொடுப்பது டபிள்யூ-9. வெளிநாட்டில் இருக்கும் தனியாள் கொடுப்பது டபிள்யூ-8பென். இப்போது புழங்குவது 2021 ஒக்டோபர் பதிப்பு. ஒரே பக்கம், பத்து வரிகள், கடைசியில் கையெழுத்து. அது அமெரிக்க வரித் திணைக்களத்துக்குப் போவதில்லை, காசு தருபவரின் கோப்பில்தான் இருக்கும். கட்டணமும் இல்லை. படிவம் என்ற அளவில் இது நல்ல படிவம். சிக்கல் வருவது எங்கள் பக்கத்திலிருந்து போகும் மூன்று தகவல்களில்: பெயர், முகவரி, டின் எனப்படும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம்.

ஏன் மினக்கெட வேண்டும்? யூரியூப்பில் ஒரு மாதம் 1,000 டொலர் வருகிறது, அதில் 200 டொலர் அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்தது என்று வையுங்கள். வரித் தகவலே கொடுக்காத தனியாள் கணக்கில் மொத்த வருமானத்திலும் 24 வீதம் வரை, அதாவது 240 டொலர் போகலாம். படிவம் கொடுத்து, ஒப்பந்தச் சலுகை கேட்காவிட்டால் அமெரிக்கப் பங்கில் 30 வீதம், 60 டொலர். இலங்கை - அமெரிக்க இரட்டை வரி ஒப்பந்தத்தைக் காட்டினால் பதிப்புரிமை வருமானத்துக்கு 10 வீதம், 20 டொலர். அந்த ஒப்பந்தம் 1985இல் கைச்சாத்தாகி 2004இல்தான் நடைமுறைக்கு வந்தது. இருந்தும் படிவத்தில் இந்தச் சலுகையைக் கேட்கும் இரண்டாம் பகுதியை வெறுமையாக விட்டுவிட்டு 30 வீதம் கட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அந்தச் சலுகைக்குச் சாவி படிவத்தில் 6ஏ என்று இலக்கமிட்ட வரி. அங்கே போடவேண்டியது உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தரும் 9 இலக்க டின். புதிய தேசிய அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணையோ, பழைய அட்டையின் 9 இலக்கத்தையோ போடக்கூடாது. பழைய அட்டை எண்ணும் ஒன்பது இலக்கம் என்பதால் வீ எழுத்தை வெட்டிவிட்டு அதையே போடுகிறார்கள். இணையப் பக்கம் சில வேளை ஏற்றுக்கொள்ளும், ஆனால் அது டின் ஆகாது. திணைக்களத்தின் இணையத்தளத்தில் பதிவு செய்யலாம், கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் தெளிவாக ஸ்கான் எடுத்து வையுங்கள். நிழல் விழுந்த கைத்தொலைபேசிப் படத்தை நம்பவேண்டாம். சந்தேகம் என்றால் திணைக்களத்தின் 1944 தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். டின் எடுத்தால் அடுத்த நாளே வரி கட்டவேண்டும் என்ற பயம் வேண்டாம். பதிவு வேறு, வரி வேறு.

பெயர். பழைய லமினேற் அடையாள அட்டையில் ஆங்கிலமே இல்லை. ஆகவே ஆங்கிலப் பெயர் வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி, டின் பதிவில் மூன்றாவது மாதிரி என்று போய்விடுகிறது. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுதாக, மற்ற இடத்தில் முதலெழுத்தாக நிற்கும். முதலில் கடவுச்சீட்டை, அது இல்லாவிட்டால் மும்மொழியுள்ள புதிய அடையாள அட்டையை அடிப்படையாக வைத்து, டின், வங்கி, படிவம் மூன்றையும் அதற்கு ஒத்ததாக்குங்கள். கையெழுத்து வரியில் தட்டச்சிடும் பெயரும் முதல் வரியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒரு இடைவெளி கூடினாலும் சில தளங்கள் தாண்ட விடாது.

மூன்றாவது வரி முகவரிதான் வன்னிக்காரருக்குப் பெரிய தலையிடி. நிரந்தர வதிவிட முகவரி கேட்கிறார்கள். தபால் பெட்டி எண்ணும் கூடாது, இன்னொருவர் மேற்பார்வையில் (c/o) என்றும் எழுதக்கூடாது. எங்கள் ஊர்களில் "8ஆம் வாய்க்கால், உருத்திரபுரம்" என்றால் வீடு வந்துவிடும்; வீட்டிலக்கம் பல இடங்களில் இல்லை. அடையாள அட்டையில் இடம்பெயர முன் இருந்த ஊர், மின்சாரப் பட்டியல் தகப்பன் பெயரில், காணி தாயின் பெயரில் என்றிருந்தால் வதிவிடச் சான்று கேட்கும்போது கையில் ஒன்றும் இராது. இதற்குச் சரியான வழி, கிராம அலுவலர் வதிவிடச் சான்றைப் பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன் ஆங்கிலத்தில் வாங்கி வைப்பது. அதில் உள்ள வடிவத்தையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். வாய்க்கால், குறுக்கு வீதி போன்றவற்றை ஓரிடத்தில் ஆங்கிலமாக்கி மற்ற இடத்தில் ஒலிபெயர்த்து வைக்காதீர்கள். யூரியூப் காசு வந்து சேரும் அட்சென்ஸ் கணக்கு 10 டொலரைத் தொட்டதும், முகவரியை உறுதிப்படுத்தக் கூகிள் தபாலில் 6 இலக்கப் பின் (PIN) எண் அனுப்பும். அதற்கும் இதே முகவரிதான். நான்கு மாதத்துக்குள் அதை இடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். உப தபாலகத்தில் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துச் சொல்லி வைப்பது கெட்டித்தனம்.

கனடாவில் இருக்கும் அண்ணரின் முகவரியைப் போட்டால் கடிதம் சுகமாக வரும் என்ற யோசனையைக் கைவிடுங்கள். வதிவது கனடா, ஒப்பந்தம் கேட்பது இலங்கை, டின் இலங்கை என்று படிவம் தனக்குள்ளேயே முரண்படும். பொய்ச் சாட்சியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டுத்தான் கையெழுத்து வைக்கிறீர்கள்.

இனித் தளங்கள். மூன்றில் விளக்கம் கூடியது கூகிளுடையது: கேள்வி கேட்டு நிரப்பி, முடிவில் நிரம்பிய படிவத்தையே காட்டும். அந்த முன்தோற்றத்தைக் கட்டாயம் திறந்து பாருங்கள். ஒப்பந்தப் பகுதியில் சேவை, திரைப்படமும் தொலைக்காட்சியும், ஏனைய பதிப்புரிமை என்று வகைகள் பிரிந்திருக்கும். யூரியூப்காரர் பின்னிரண்டையும் குறிக்க வேண்டும், ஒப்பந்தத்தின் 12ஆம் உறுப்புரை, 10 வீதம். ஒன்றை மட்டும் குறித்துவிட்டு மற்றதில் 30 வீதம் போவது அடிக்கடி நடப்பது. அமேசனின் வரி நேர்காணலும் இதே போக்குத்தான். அப்வேர்க்கில் கதை சுலபம்: வேலையைக் கிளிநொச்சியில் இருந்து செய்தால் அது அமெரிக்க மூல வருமானம் அல்ல, பிடித்தம் இல்லை. ஆனாலும் படிவம் வேண்டும்.

நேரடியாக அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். அவர்களுடைய கணக்காளர் பழக்கத்தில் டபிள்யூ-9ஐ அனுப்பி "நிரப்பி அனுப்புங்கள்" என்பார். அதில் அமெரிக்க ஆள் என்று உறுதியளிக்கும் வாசகம் இருக்கிறது. கையெழுத்து வைக்காமல், டபிள்யூ-8பென் தருகிறேன் என்று பதில் போடுங்கள். தாளில் நிரப்பும்போது திகதி மாதம்-நாள்-ஆண்டு என்ற ஒழுங்கில் வரும். ஏப்ரல் 7ஐ நாங்கள் எழுதும் வழக்கில் எழுதினால் அங்கே யூலை 4 ஆகிவிடும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்த தனி ஆளும் டபிள்யூ-8பென்தான், தன் சொந்தப் பெயரில். கம்பனிப் பதிவாளரிடம் பதிந்த பிரைவேட் லிமிட்டட் என்றால் டபிள்யூ-8பென்-இ. அது எட்டுப் பக்கம், கணக்காளரைப் பிடிப்பது நல்லது.

காசு தருபவரே வரியைப் பிடிக்கும் இந்த முறையின் சிறு வடிவம் உள்ளூரிலும் உண்டு. மாதம் 1 இலட்சத்துக்கு மேல் விரிவுரை, ஆலோசனைக் கட்டணம் பெறுபவரிடம் 5 வீதம் பிடிக்கிறார்கள். டின் கொடுத்தால்தான் அந்தப் பிடித்தம் பின்னர் உங்கள் கணக்கில் சேரும்.

கையெழுத்திட்ட ஆண்டுக்கு அடுத்த மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரை படிவம் செல்லும். 2025 மார்ச்சில் கொடுத்தது 2028 முடிவில் காலாவதி. வீடு மாறினால், நாடு மாறினால் 30 நாளுக்குள் புதிது கொடுக்க வேண்டும். பிடித்தம் நடந்திருந்தால் அடுத்த ஆண்டு மார்ச் நடுப்பகுதியில் 1042-எஸ் என்ற அறிக்கை கணக்கில் விழும். அதை இறக்கி வையுங்கள். 2025 ஏப்ரலில் இருந்து வங்கி வழியாக வரும் வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு இங்கே உச்ச வரி 15 வீதம், ஆண்டுக்கு 18 இலட்சம் வரை விலக்கு. நவம்பர் 30க்கு முன் வரி விபரத்திரட்டுக் கொடுக்கும்போது அங்கே கட்டியதைக் கழித்துக் கேட்க அந்த ஒரு தாள்தான் ஆதாரம்.