என்விடிஏ திரை வாசிப்பான்: யாங்கூனிலிருந்து ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

யாங்கூனில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் இணையதளத்திற்கு உள்ளடக்கம் திட்டமிடும் பொறுப்பிலுள்ள நான், எந்தப் பக்கத்தையும் வெளியிடுமுன் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் என்விடிஏ (NVDA) என்னும் இலவசத் திரை வாசிப்பானில் கேட்டுப் பார்ப்பதைச் சில ஆண்டுகளாக வழக்கமாகக் கொண்டுள்ளேன். பார்வையற்றோருக்கென 2006-இல் ஆஸ்திரேலியாவில் உருவாகத் தொடங்கிய இம்மென்பொருள் விண்டோஸில் இயங்குகிறது. உடன் வரும் ஈஸ்பீக் என்னும் பேச்சுப்பொறியில் தமிழ்க் குரலும் பர்மியக் குரலும் உண்டு.

எச் விசையை அழுத்தினால் அது தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும். இந்த ஒரு வசதியே எங்கள் வேலையின் வரிசையை மாற்றிவிட்டது. இப்போது தலைப்புகளை மட்டும் முதலில் எழுதிக் கேட்கிறோம். திருவிழாவின் நாள், நேரம், இடம் ஆகியவை அப்படித் தாவிக் கேட்கும்போதே பிடிபட்டால்தான் பத்திகளை எழுதத் தொடங்குகிறோம். படமாக மட்டும் வரும் அழைப்பிதழை வாசிப்பான் தானாகப் படிக்காது என்பதால், அதிலுள்ள செய்தி முழுவதும் எழுத்தாகவும் இடம்பெற வேண்டும் என்று விதி வைத்துள்ளோம். இணைப்பு மெதுவாக உள்ள ஊர்களில் படத்திற்கு முன்பே எழுத்து வந்துவிடுவதால், பார்வையுள்ளவர்களுக்கும் இது உதவுகிறது.

பழைய ஆவணங்களில்தான் உழைப்பு அதிகம். பாமினி என்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சான தமிழுக்கு அடியில் கிடப்பவை ஆங்கில எழுத்துகளே. ‘அம்மா’ என்பதை வாசிப்பான் எம், கே, கே, எச் எனப் பொருளற்றுக் குழறும். பர்மியத்தின் ஜாஜி எழுத்துருவோ, எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடின் இடங்களையே வேறு முறையில் பயன்படுத்தியது. 2019 அக்டோபர் 1 அன்று மியான்மர் யூனிகோடுக்கு மாறியது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விடுதலை. எனினும் அதற்கு முந்தைய பக்கங்களை மாற்றியே தீர வேண்டும். தமிழும் பர்மியமும் கலந்த பக்கத்தில் ஒவ்வொரு பத்திக்கும் அது எந்த மொழி என்று நிரலில் மொழிக்குறி இடுவதும் அவசியம். இல்லையெனில் குரல் சரியாக மாறாது.

குறைகளும் உண்டு. ஈஸ்பீக்கின் தமிழ் இயந்திரத்தனமானது. நீண்ட கட்டுரையை அதில் கேட்பது அலுப்பூட்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாட்டையும் என்விடிஏ சோதிப்பதில்லை. நம்மவர்கள் விரும்பும் மஞ்சள் மேல் சிவப்பு ஏறத்தாழ 3.7:1 என்னும் ஒளிர்வு விகிதமே தருகிறது. சாதாரண அளவு எழுத்துக்கு இணைய அணுகல் வழிகாட்டி (WCAG) கேட்பதோ 4.5:1. அதற்கு வேறு கருவிதான் வேண்டும். பெரும்பாலான வாசகர்கள் கைபேசியில் வருவதால், ஆண்ட்ராய்டின் திரை வாசிப்பானான டாக்பேக்கிலும் ஒருமுறை கேட்ட பின்னரே பக்கத்தை வெளியிடுகிறோம்.