பாலுறுப்பு மருவும் இமிக்விமோட் களிம்பும்: இரண்டு ஆண்டு அனுபவம்

குளிக்கும்போது விரலில் தட்டுப்பட்டது. ஆணுறுப்பின் அடிப்பகுதியில் கடுகளவு, சற்றுச் சொரசொரப்பு. வலியில்லை, அரிப்பில்லை. சவரம் செய்ததில் வந்த பரு என்று நானே தீர்ப்பெழுதிவிட்டு இரண்டு மாதம் கடத்தினேன். அதற்குள் ஒன்று ஐந்தாகியிருந்தது. சவரக்கத்தியை நான் விடாமல் ஓட்டியதும் அதற்கு ஒரு காரணம். மருவின் மேல் கத்தி பட்டால் வைரஸ் பக்கத்துத் தோலுக்கும் பரவலாம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

இதில் ஒரு வேடிக்கை. மொட்டின் விளிம்பைச் சுற்றி முத்துக் கோத்ததுபோல ஒரே அளவில், ஒரே வரிசையில் சின்னஞ்சிறு புள்ளிகள் பல ஆண்களுக்கு இருக்கும். அவை மரு அல்ல, தொற்றும் அல்ல. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பத்தொன்பது வயதில் அவற்றைப் பார்த்துத் தூக்கம் கெட்டவன், உண்மையான மரு வந்தபோது அலட்சியமாக இருந்தேன். மருவுக்கு வரிசை கிடையாது. அங்கொன்று இங்கொன்றாக, அளவு மாறி, சில தட்டையாக, சில பூக்கோசு போலக் கொத்தாக வரும். நடுவில் குழி விழுந்த வழவழப்பான பரு என்றால் அது வேறு வைரஸின் வேலை.

அடுத்த முட்டாள்தனம், கைமருவுக்கு விற்கும் சாலிசிலிக் அமிலத்தை அங்கே தடவியது. அந்த இரவை விவரிக்க விரும்பவில்லை. மரு அப்படியே இருந்தது, சுற்றியிருந்த தோல்தான் உரிந்தது.

தோல் மருத்துவர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்து அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். சிபிலிஸ் நோயிலும் ஈரமான தட்டை மருக்கள் வருமென்பதால் ரத்தப் பரிசோதனை எழுதினார்; கூடவே எச்ஐவி பரிசோதனையும். இரண்டிலும் தொற்று இல்லை. இந்த மருக்களில் ஏறத்தாழ 90 சதவீதம், உடலுறவில் தொற்றும் எச்பிவி என்ற வைரஸின் 6, 11ஆம் வகைகளால் வருபவை. கருப்பை வாய்ப் புற்றுநோயோடு பெரிதும் தொடர்புடையவை 16, 18 போன்ற வேறு வகைகள் என்று விளக்கினார். “யாரிடமிருந்து வந்தது என்று தேடாதீர்கள். தொற்றிச் சில வாரங்களிலும் வரும், சில ஆண்டுகள் கழித்தும் வரும்” என்றார். இந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் பெரிய சண்டையைத் தடுத்தது. மனைவி ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் அவளே மகப்பேறு மருத்துவரிடம் நேரம் வாங்கினாள். அவளுக்கு மரு இல்லை. வழக்கமான கருப்பை வாய்ப் பரிசோதனையைத் தவறாமல் செய்தால் போதும் என்றார்கள்.

இனி களிம்பு. 5 சதவீத இமிக்விமோட், வாரத்தில் மூன்று இரவு, அதிகபட்சம் 16 வாரம். தடவி ஆறிலிருந்து பத்து மணி நேரம் கழித்துச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இது மருவை எரிப்பதில்லை. அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புகிறது. ஆகவே முதல் இரண்டு வாரம் ஒன்றுமே நடக்காது. மூன்றாவது வாரம் எல்லாம் சேர்ந்து நடக்கும். எனக்குத் தோல் சிவந்து புண்ணாகி, உள்ளாடை உரசினாலே எரிந்தது. மருத்துவர் ஒரு வாரம் இடைவெளி விடச் சொன்னார். பத்தாவது வாரத்தில் சின்ன மருக்கள் மூன்றும் உதிர்ந்திருந்தன. மறக்கக் கூடாத ஒன்று: களிம்பு ஆணுறையின் ரப்பரைப் பலவீனப்படுத்தும். தோலில் களிம்பு இருக்கும்வரை உறவே வேண்டாம்.

ஐந்தில் மூன்றரை தருவேன். வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்பதற்கு மூன்று, தழும்பு விடாததற்கு அரை.

பெரிய மருக்கள் இரண்டும் 14 வாரமாகியும் அசையவில்லை. அவற்றைத் திரவ நைட்ரஜனால் உறைய வைத்தார்கள். மைனஸ் 196 டிகிரி என்று கேட்டதும் நடுங்கினேன். உண்மையில் சில நொடி ஊசிக்குத்தல், அப்புறம் ஒரு மணி நேரக் கடுப்பு. மறுநாள் கொப்புளம், பிறகு பொருக்கு. இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை போனதில் தீர்ந்தது. முதலிலேயே இதைச் செய்திருக்கலாமே என்று இப்போதும் தோன்றுகிறது.

எல்லாம் தீர்ந்த இரண்டாவது மாதமே புதிதாக ஒன்று முளைத்தது. மனம் உடைந்துபோனேன். மருத்துவர் அசரவே இல்லை. முதல் மூன்று மாதத்தில் திரும்ப வருவது சகஜமாம். மரு போனாலும் வைரஸ் தோலில் கொஞ்ச காலம் தங்கியிருக்கும். தடுப்பூசி பற்றிக் கேட்டேன். 6, 11 வகைகளைத் தடுக்கும் ஊசி 2006 முதலே இருக்கிறது; ஆனால் வந்துவிட்ட மருவை அது போக்காது, இன்னும் தொற்றாத வகைகளிடமிருந்துதான் காக்கும். புதிய மருவையும் உறைய வைத்தார்கள்.

அதற்குப் பின் 14 மாதமாக எதுவும் வரவில்லை. உறைய வைத்த இடத்தில் வெளிறிய புள்ளி ஒன்று மிச்சம். குளியலறை வெளிச்சத்தில் அதை மரு என்று நினைத்து இரண்டு முறை பதறியிருக்கிறேன். விரலால் தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கிறது.