வயதான நாய்க்கான தூக்குப் பட்டை: நான்கு மாதம் மாட்டிப் பார்த்த பிறகு

எங்கள் மணிக்கு 13 வயது. லாப்ரடார், 31 கிலோ. படுத்தால் எழ முடியாது, எப்படியோ எழுந்துவிட்டால் வழவழப்பான தரையில் பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போகும். முதலில் பழைய துண்டு ஒன்றை வயிற்றுக்கு அடியில் விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தேன், என் முதுகு போனதுதான் மிச்சம். அதோடு ஆண் நாய்க்குத் துண்டு சரியாக அந்த இடத்தில்தான் வந்து மூடும். பாதி மூத்திரத்தில் நிறுத்திவிட்டு 'என்னய்யா இது' என்று என்னைப் பார்ப்பான்.

அப்புறம்தான் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எனக் கைப்பிடி வைத்த இந்த ஹார்னஸை வாங்கினேன். இதில் காசுக்கு மதிப்பானது பின்பாதிதான். அரைக்கால் சட்டை மாதிரி இரண்டு தொடையையும் சுற்றி வருவதால் கனம் வயிற்றில் விழாமல் இடுப்பில் விழுகிறது, அவன் நிம்மதியாகத் தன் வேலையை முடிக்கிறான். கைப்பிடி வாரின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம், நான் குனியாமல் நடக்கிற அளவுக்கு வைத்திருக்கிறேன். ஒன்று, பெட்டியைத் தூக்குவது போல முழுசாகத் தூக்கிவிடாதீர்கள். பாதிக் கனத்தை நீங்கள் வாங்கிக்கொண்டு மீதியை அதன் காலுக்கே விடுங்கள், இல்லாவிட்டால் இருக்கிற கொஞ்சநஞ்சத் தசையும் கரைந்துவிடும்.

அளவு எடுக்கும்போது நாய் நிற்க வேண்டும். நான் படுத்திருந்தவனை அளந்து, தவறான சைஸ் வரவழைத்து, திருப்பி அனுப்பினேன். ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் அளப்பதுதான் வழி.

இப்போது குறை. கூட வந்த தாளில் 'நாள் முழுக்க அணிவிக்கலாம்' என்று போட்டிருக்கிறது, அதை நம்பியது என் தப்பு. அதுவும் நான் நம்பியிருக்கவே கூடாது, ஏனென்றால் என்னிடம் 24 வயதுக் குதிரையும் இருக்கிறாள். சேணத்தின் வயிற்று வாருக்கு அடியில் கொஞ்சம் மண்ணும் வியர்வையும் இருந்தால் போதும், முன்னங்காலுக்குப் பின்னால் தோல் உரிந்துவிடும். அதனால்தான் கட்டுவதற்கு முன் அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கட்டிய பிறகு முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னால் இழுத்துச் சுருங்கிய தோலை நேராக்கி விடுகிறோம். இதெல்லாம் வருடக்கணக்காகச் செய்பவன், நாய்க்கு மட்டும் மூன்று நாள் கழற்றாமல் விட்டேன். மூன்றாம் ராத்திரி அவன் தொடை உள்பக்கத்தை விடாமல் நக்குகிறானே என்று விலக்கிப் பார்த்தால், வெல்க்ரோவின் ஓரம் பட்ட இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு முடி போய், தோல் சிவந்து ஈரமாக இருந்தது. இப்போது வெளியே போகும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும்தான். வந்ததும் கழற்றித் துடைத்துவிடுவேன். துவைத்தால் நன்றாகக் காய வேண்டும், ஈரப் பட்டைதான் அதிகமாக அறுக்கும்.

இன்னொரு உண்மை, ஹார்னஸை விட அவனுக்கு அதிகம் உதவியது படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை வரிசையாகப் போட்ட ரப்பர் பாய்கள். நடக்கும்போது நகம் தரையில் டக்டக்கென்று கேட்டால் வெட்ட வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பாத மெத்தைகளுக்கு நடுவில் வளரும் முடியையும் கத்தரித்துவிடுங்கள், பாதி வழுக்கல் அதனால்தான். வலிக்கு டாக்டர் தந்த மருந்து மட்டும். நாம் போடும் இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பின்னங்கால் விரல் மடங்கி, நகத்தின் மேல்பக்கம் தேய்கிற மாதிரி இழுத்து நடந்தால் அது மூட்டு வலி மட்டுமாக இருக்காது, நரம்புப் பிரச்சினையாகவும் இருக்கலாம். பட்டை வாங்குவதற்கு முன் அதைக் காட்டுங்கள்.

குதிரைக்கு இப்படி ஒரு பட்டை இல்லையே என்று ஏக்கமாக இருக்கிறது. நின்றபடியே தூங்கும் என்றாலும், ஆழ்ந்த தூக்கத்தின் ஒரு பகுதிக்கு அது படுத்தே ஆக வேண்டும். மூட்டு வலி வந்த கிழக்குதிரை, படுத்தால் எழுவது கஷ்டம் என்பதால் படுப்பதையே விட்டுவிடும். அப்புறம் நின்றபடி கண் அயர்ந்து முட்டி மடங்கி விழப் பார்க்கும். எங்களவளின் முன்னங்கால் கணுவில் முன்பக்கம் இருந்த சிராய்ப்பை எங்கேயோ இடித்துக்கொண்டாள் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன், அது இப்படி முட்டி மடங்கியதில் வந்தது என்று பிறகுதான் புரிந்தது. படுக்கையை ஆழமாக நிரப்பிய பிறகு, இப்போது காலையில் அவள் விலாவில் வைக்கோல் ஒட்டியிருக்கிறது.

சரி, ஹார்னஸுக்கு வருகிறேன். முன்பக்க பக்கிள் ஒன்று மூன்றாம் மாதமே விரிசல் விட்டது, விற்றவர்களுக்கு எழுதினேன், பதில் இல்லை. முன்பாதியை நான் எப்போதாவதுதான் மாட்டுகிறேன் என்பதால் பெரிதாகத் தெரியவில்லை. ஐந்துக்கு மூன்றரை தருவேன். பின்பாதி மட்டும் தனியாகக் கிடைத்தால் அதை வாங்குங்கள். கையில் அள்ளிக்கொள்கிற சின்ன நாய் என்றால் எதுவுமே வேண்டாம்.