மூன்று நட்சத்திரம், ஒரு இதயம்: லெட்டர்பாக்ஸ்டுடன் மூன்று வருடங்கள்

பார்த்த படங்களைக் குறித்துவைக்கும் இணையச் சேவையான லெட்டர்பாக்ஸ்டில் நான் பதிந்த முதல் படத்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டேன். பக்கத்திலேயே ஒரு இதயக் குறி இருந்தது. அதையும் தொட்டுப் பார்த்தேன். இதயம் ஆரஞ்சு நிறமானது, நட்சத்திரம் மூன்றிலேயே நின்றது. ஒன்று இன்னொன்றை அசைக்கவில்லை. அந்தப் படத்தின் கதை பலவீனம்தான், பாதி வசனம் தேவையில்லாததுதான், ஆனாலும் எனக்கு அது உயிர். இதை இரண்டே தொடுதலில் சொல்ல முடிந்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. வெகுஜனப் படங்களை மனசாரப் பார்க்கிற ஒருவனுக்கு அது ஏன் நிம்மதி என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

இந்தச் சேவையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். மேத்யூ புக்கனன், கார்ல் வான் ராண்டோ என்ற இருவர் 2011இல் நியூசிலாந்தில் தொடங்கிய பட நாட்குறிப்பு இது. பார்த்த படத்தைப் பார்த்த தேதியோடு பதியலாம். அரை நட்சத்திரத்தில் தொடங்கி ஐந்து வரை, அரை அரையாக ஏற்றலாம். மதிப்பெண்ணே போடாமல் தேதியை மட்டும் பதிந்துவிட்டும் போகலாம். மறுபடி பார்த்த படத்துக்குத் தனிக் குறி உண்டு, நாமே வைத்துக்கொள்ளும் குறிச்சொற்கள் உண்டு, நம் பக்கத்தின் உச்சியில் பிடித்த நான்கு படங்களை வரிசையாக வைக்கலாம். இலவசக் கணக்கில் விளம்பரம் வரும். கட்டணக் கணக்கில் புள்ளிவிவரங்கள் கூடுதலாகக் கிடைக்கும். நான் இலவசத்தில்தான் இருக்கிறேன், எனக்கு இதுவே போதும்.

இதற்கு முன்னால் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. படம் முடிந்து விளக்கு போட்டதும் கைபேசியை எடுத்து மதிப்பெண் பார்ப்பேன். ஒருமுறை அக்காவும் நானும் ஒரு சண்டைப்படத்துக்குப் போனோம். ரயில் மேல் ஓடுகிற ஒரு காட்சி. நாயகன் குதிப்பதற்கு முன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வான். அதற்கு நான் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். படம் முடிந்தது. படியிறங்கும்போதே ஏதோ ஒரு தளத்தில் எண்ணைப் பார்த்தேன். ரொம்பக் குறைவு. வாசலுக்கு வருவதற்குள், "ரெண்டாவது பாதி ஜவ்வு, லாஜிக்கே இல்லை" என்று அக்காவிடம் பேச ஆரம்பித்துவிட்டேன். அவள் நின்றாள். "உள்ளே விழுந்து விழுந்து சிரிச்சது யாருடா?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. இரண்டரை மணி நேரச் சந்தோஷத்தை, முகம் தெரியாதவர்கள் போட்ட ஓர் எண்ணுக்காக நானே பிடுங்கி எறிந்திருந்தேன். அன்றைக்கு ராத்திரி அந்த எண் எப்படி வருகிறது என்று தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

விமர்சனங்களைத் தொகுத்து எண் போடும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் 1998இல் தொடங்கியது. மோசமாக நடித்தவர்கள் மேல் தக்காளி வீசுவார்கள் என்ற பழைய மேடைக்கதைதான் பெயருக்குக் காரணம். அங்கே விமர்சகர்களுக்கான சதவீதம் படத்தின் தரத்தை நேராகச் சொல்வது அல்ல. எத்தனை விமர்சகர்கள் படத்தைப் பற்றி நல்லவிதமாக எழுதினார்கள் என்பதை மட்டும்தான் அது எண்ணுகிறது. 60 அல்லது அதற்கு மேல் என்றால் புதுத் தக்காளி, கீழே போனால் அழுகியது. நூறு பேர் எழுதியிருக்கிறார்கள் என்று வையுங்கள். நூறு பேரும் "பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தால் அந்தப் படத்துக்கு நூறு சதவீதம். இன்னொரு படத்தை ஐம்பத்தைந்து பேர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், நாற்பத்தைந்து பேருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அது 55, அதாவது அழுகிய தக்காளி. எனக்கு உயிரான படங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. இத்தனை வருடமாக, யாருக்கும் உறுத்தாத படங்களின் பட்டியலைச் சிறந்த படங்களின் பட்டியல் என்று நினைத்துப் படித்திருக்கிறேன். அந்தத் தளம் தன் கணக்கை ஒளித்து வைக்கவில்லை, எல்லாம் அங்கேயே எழுதியிருக்கிறது. நான்தான் படிக்காமல் இருந்தேன்.

மெட்டாகிரிடிக் என்ற இன்னொரு தளம் விமர்சனங்களை நூற்றுக்கு மதிப்பெண்ணாக மாற்றி, சிலருக்கு எடை கூட்டிச் சராசரி எடுக்கிறது. படத் தகவல் தளமான ஐஎம்டிபி பார்வையாளர் வாக்குகளின் எடையிட்ட சராசரியைக் காட்டுகிறது, எடையிடும் முறையை முழுதாக வெளியிடுவதில்லை. இந்த இரண்டையும் பற்றி எனக்குப் பெரிய புகார் எதுவும் இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது சினிமாஸ்கோர். ஒரு நகைச்சுவைப் படத்தை நம்பிப் போய் ஏமாந்தவர் எட் மின்ட்ஸ். விமர்சகர்களை விட்டுச் சாதாரண ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்ற எண்ணத்தில் 1979இல் அவர் தொடங்கியது அது. அமெரிக்காவில் படம் வெளியாகும் முதல் இரவு, பார்வையாளர்களிடம் அட்டையைக் கொடுத்து ஏ முதல் எஃப் வரை தரம் போடச் சொல்கிறார்கள். அங்கே பேய்ப்படங்களுக்கு வழக்கமாகவே தரம் குறைந்து வரும். முதல் நாளே முண்டியடித்து வந்தவர்கள் ஒன்றை எதிர்பார்த்து வந்திருப்பார்கள். அது கிடைத்ததா இல்லையா என்பதுதான் அந்த அட்டையில் விழுகிறது. எனக்கு இது ரொம்பச் சரியாகப் பட்டது. நான் போடுகிற நட்சத்திரத்திலும் படம் பாதி, அன்றைக்கு நான் எந்த மனநிலையில் உள்ளே போனேன் என்பது பாதி.

நெட்ஃப்ளிக்ஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று தங்கள் கணினி சொல்வதை விடப் பத்து சதவீதம் துல்லியமாகச் சொல்பவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2006இல் அந்நிறுவனம் அறிவித்தது. போட்டியாளர்களுக்குப் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்களைக் கொடுத்தார்கள். பரிசை ஓர் அணி வெல்ல 2009 ஆனது. இடையில் எல்லோரையும் திணறவைத்த ஒரு படம் உண்டு, 'நெப்போலியன் டைனமைட்'. மற்ற எல்லாப் படங்களிலும் ஒத்துப்போகிற இரண்டு பேர் இந்த ஒரு படத்தில் எதிரெதிராகப் போவார்களாம். ஒருவர் ஐந்து போடுவார், மற்றவர் ஒன்று. பத்துக் கோடி எண்களை வைத்துக்கொண்டும் அதைப் பிடிக்க முடியவில்லை. இதைப் படித்ததும் அக்காவும் நானும்தான் நினைவுக்கு வந்தோம். ஒரே வீட்டில், ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் எங்கள் இருவர் பக்கத்திலும் உள்ள நான்கு படங்களில் ஒன்றுகூடப் பொதுவாக இல்லை.

2017இல் நெட்ஃப்ளிக்ஸ் நட்சத்திரங்களை எடுத்துவிட்டு, பிடித்தது, பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லும் கட்டைவிரல் குறியைக் கொண்டுவந்தது. மக்கள் கனமான ஆவணப்படத்துக்கு ஐந்து போடுகிறார்கள், லேசான நகைச்சுவைப் படத்துக்கு மூன்று போடுகிறார்கள், ஆனால் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த மூன்றைத்தான் என்று அப்போது அவர்கள் சொன்னார்கள். நட்சத்திரத்தை எடுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று போட்டவர்கள் பொய் சொல்லவில்லையே. அவர்கள் மதிப்பது ஒன்று, அவர்களுக்கு ஆசுவாசம் தருவது வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனி இடம் வேண்டும், அவ்வளவுதான். லெட்டர்பாக்ஸ்ட் அதைத்தான் செய்திருக்கிறது.

என் நாட்குறிப்பில் இன்றைக்கு 412 பதிவுகள். 38 தடவை பார்த்த படத்தையே மறுபடி பார்த்திருக்கிறேன். அதில் நான்கு நட்சத்திரத்துக்கு மேல் வாங்கியவை வெறும் ஐந்து. மீதி பெரும்பாலும் மூன்று நட்சத்திரமும் இதயமும் உள்ளவை. காய்ச்சலில் கிடந்தபோது, வேலை போய்விடுமோ என்று பயந்த அந்த வாரத்தில், அப்பாவின் கண் அறுவைக்கு முந்தைய ராத்திரி, நான் தேடிப் போனது அவற்றைத்தான். தேதியோடு பதிந்திருப்பதால் இது தெரிகிறது. ஐந்து நட்சத்திரம் போட்ட ஒரு படம் என்னை உலுக்கிவிட்டது, அது மகத்தான படம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை இன்னொரு முறை பார்க்க இன்னும் மனசு வரவில்லை.

குறிச்சொற்களை நான் பயன்படுத்துகிற விதத்தை இந்தச் சேவையை வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தது. ஒருநாள் ஒரு படத்துக்குக் குறிச்சொல் கேட்டபோது விரல் தானாக 'மருட்கை' என்று அடித்தது. வியப்பு. மலையளவு மிருகம் ஒன்று கடலிலிருந்து எழுந்து நிற்கிற காட்சிக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எது? அன்றிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் எட்டில் எது எனக்குள் எழுந்ததோ அதைப் போடுகிறேன். மெய்ப்பாடு என்பதே உள்ளே எழுந்தது உடம்பில் தெரிவதுதான். சிரித்தேனா, மயிர்க்கூச்செறிந்ததா, கண் கலங்கியதா என்பதற்கு நான்தான் சாட்சி, அதில் வேறு யாரும் என்னைத் திருத்த முடியாது. திரைக்கதையில் ஓட்டை இருக்கிறதா என்று யாரோடு வேண்டுமானாலும் நான் விவாதிக்கத் தயார், தோற்றால் ஒப்புக்கொண்டு நட்சத்திரத்தைக் குறைத்தும் இருக்கிறேன். இதயத்தை மட்டும் ஒருமுறைகூட எடுத்ததில்லை.

ஒரே படத்துக்கு இரண்டு பதிவுகள் இருக்கின்றன. முதல் தடவை தனியாக, நடுராத்திரி, மடிக்கணினியில் பார்த்தேன். இரண்டு நட்சத்திரம், குறிச்சொல் 'வெகுளி', அதாவது கோபம். குறிப்பில், "எத்தனை தடவைதான் இதே கதை" என்று எழுதியிருக்கிறேன். ஒன்றரை வருடம் கழித்து அக்கா பிள்ளைகளோடு பார்த்தேன். சின்னவள் வில்லனைக் கண்டதும் என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் வெளியே வைத்துப் பார்த்தாள். மூன்றரை நட்சத்திரம், இதயம், 'அச்சம்', 'உவகை'. படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை. இரண்டு பதிவையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

இனிக் குறைகள். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஊராரின் சராசரியும், எத்தனை பேர் எத்தனை நட்சத்திரம் போட்டார்கள் என்ற பட்டை வரைபடமும் இருக்கிறது. என்னைப் போலப் பழைய பழக்கம் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. நான் படம் பார்த்து, என் பதிவை முடிக்கும்வரை அந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வேன். பதிந்த பிறகு அந்த வரைபடம் அருமையான விஷயம். சில படங்களுக்கு நடுவில் குன்று மாதிரி குவிந்திருக்கும், சிலவற்றுக்கு இரண்டு முனையிலும் உயர்ந்து நடுவில் பள்ளமாக இருக்கும். சராசரி ஒன்றாகவே இருந்தாலும் அவை இரண்டும் வேறு வேறு ஜாதிப் படங்கள் என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

இன்னொன்று, அதிக விருப்பம் வாங்கி மேலே நிற்கும் விமர்சனங்கள் பெரும்பாலும் ஒரு வரிக் கிண்டல்கள். படத்தை ரசித்து நான்கு பத்தி எழுதியவரைத் தேடிக் கீழே போக வேண்டும். எனக்கும் ஆரம்பத்தில் பத்துப் பேர் விரும்பும்படி எழுத ஆசை வந்தது. அப்படி எழுதிய ஏழெட்டுக் குறிப்புகளை இப்போது படித்தால் அந்தப் படங்களில் நான் என்ன பார்த்தேன் என்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். இப்போது எனக்காக, தமிழில், இரண்டு வரி எழுதுகிறேன். அப்புறம், பதிவுகள் அனைத்தையும் ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, இலவசக் கணக்குக்கும் உண்டு. மாதம் ஒருமுறை இறக்கிவிடுகிறேன். மூன்று வருடச் சிரிப்பும் அழுகையும் அதில் இருக்கின்றன, இன்னொருவர் கணினியை மட்டும் நம்பி விட முடியாது.

அடுத்து என்ன பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் போதும் என்பவர்களுக்கு இது கொஞ்சம் அதிக வேலை. பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள், முக்கியமாகத் தங்களுக்குப் பிடித்த படங்களின் பெயரை நாலு பேர் நடுவில் சொல்லத் தயங்குபவர்கள், ஒரு மாதம் பதிந்து பாருங்கள். நான் நான்கரை நட்சத்திரம் கொடுப்பேன். இதயமும் உண்டு.

நேற்று ராத்திரி பதிந்தது: இரண்டரை நட்சத்திரம், இதயம், 'நகை', 'பெருமிதம்'. அக்கா அதே படத்துக்கு ஒன்றரை போட்டிருக்கிறாள், இதயம் இல்லை, "தூங்கிவிட்டேன்" என்று குறிப்பு. ஞாயிற்றுக்கிழமை அவள் தேர்ந்தெடுக்கிற படம். மூன்று மணி நேரமாம், வசனமே அதிகம் கிடையாதாம். போகிறேன்.