கரையோரப் பழைய பங்களாக்களுக்கு டிரம் சுண்ணாம்பு: வாங்கலாமா?

கீழக்கரை, மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் பழைய காரை வீட்டைச் செப்பனிடுகிறவர்களுக்குச் சுண்ணாம்பு மூன்று வடிவில் வருகிறது. மூட்டையில் வரும் பொடி ஒன்று. தண்ணீர் ஊற்றிக் கலந்தால் போதும் என்று விற்கும் ரெடிமிக்ஸ் பூச்சு இன்னொன்று. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, ஊறவைத்து, டிரம்மில் அடைத்த குழைசுண்ணாம்பு மூன்றாவது. சுவர்ப் பூச்சுக்கு டிரம்தான் சரி. விலை கூடுதல், கனம் அதிகம், வண்டி வாடகையும் சேரும். ஆனாலும் அதுதான் சரி.

காரணம் உப்பு. இந்த வீடுகளின் செங்கல் சுவரும், ராமேஸ்வரம் தீவில் பவளப்பாறைக் கல்லால் எழுப்பிய சுவரும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. தரையிலிருந்து ஏறும் ஈரம் உப்பையும் கொண்டுவருகிறது. மேலே சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியேற முடியாமல் இன்னும் உயரம் ஏறுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்த்துத் தள்ளுகிறது. சுண்ணாம்புப் பூச்சில் உப்பு வெளிப்புறத்துக்கு வந்து பூக்கும். பூச்சு தேயும், சுவர் நிற்கும். பவளம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அதை வெட்டி எடுக்கத் தடை; கரைந்துபோன கல்லுக்கு மாற்றுக் கல் கிடையாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

ரெடிமிக்ஸ் வாங்குமுன் ஒரு சோதனை: ஒரு பிடி பிசைந்து உருட்டி, டம்ளர் தண்ணீரில் மூழ்க வையுங்கள். சுத்தமான காற்றுச் சுண்ணாம்பு (காற்றுப்பட்டு மட்டுமே இறுகுவது) தண்ணீருக்குள் இறுகாது. மறுநாள் கல்லாகியிருந்தால் உள்ளே பெரும்பாலும் சிமெண்ட் இருக்கிறது. அந்த மூட்டை வேண்டாம். பொடிச் சுண்ணாம்பில் சிக்கல் வேறு. கடையில் நாள்பட்டுக் கிடந்தால் காற்றுப்பட்டு வெறும் சுண்ணக்கட்டிப் பொடியாகிவிடும். ஒரு தேக்கரண்டியில் வினிகர் விட்டால் பொங்கி நுரைக்கும். நல்ல பொடி அவ்வளவு நுரைக்காது. நல்ல பொடி வெள்ளையடிக்கப் போதும்.

டிரம்மைத் திறந்ததும் மேலே ஒரு விரற்கடை தண்ணீர் நிற்க வேண்டும். அடியில் இருப்பது வெண்ணெய்போல் கரண்டியில் ஒட்ட வேண்டும், வழியக் கூடாது. விரலில் தேய்த்தால் நறநறப்பு இருந்தால் சரியாக நீறாத கட்டிகள் இருக்கின்றன என்று அர்த்தம். அவை பூச்சுக்குள் பிறகு நீறி, உப்பி, சின்னச் சின்னக் குழிகளாகத் தெறிக்கும். அந்த டிரம்மைத் திருப்பிவிடுங்கள். ஒரு லிட்டர் சுமார் 1.4 கிலோ இருக்கும். அதைவிட நன்றாகக் குறைந்தால் தண்ணீரை விலைகொடுத்து வாங்குகிறீர்கள்.

அளவு: 100 சதுர அடிக்கு 12 மி.மீ. முதல் பூச்சு, சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று கலவையில் என்றால் சுமார் 40 லிட்டர் குழைசுண்ணாம்பும் 4 கன அடி மணலும் வேண்டும். மேல்பூச்சுக்கு ஒன்றுக்கு இரண்டு, சலித்த மெல்லிய மணல். கடற்கரை மணலும் உவர்ப்பான போர்த் தண்ணீரும் கூடவே கூடாது. மணலைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாலே உப்பு தெரியும். கடுக்காய், கருப்பட்டி ஊறல் சேர்ப்பது நல்ல வழக்கம், ஆனால் கருப்பட்டி கூடினால் பூச்சு இறுகத் தாமதமாகும்.

பழைய சிமெண்ட்டை உளியால் மெதுவாக எடுக்க வேண்டும், டிரில்லிங் மெஷின் கல்லை உடைக்கும். உப்புப் பூத்த கோட்டுக்கு மேல் இரண்டடி வரை எடுத்து, கல் இணைப்புகளை 20 மி.மீ. ஆழம் சுரண்டுங்கள். உப்பைக் காய்ந்த தூரிகையால் தள்ளி வெளியே கொட்டுங்கள். கழுவினால் திரும்பச் சுவருக்குள் போகும். பூச்சு வெடிப்பதற்குப் பெரும்பாலும் தண்ணீர் கூடிய கலவையோ காற்றோதான் காரணம். ஆடிக் காற்றில் பூசாதீர்கள். பூசிய சுவருக்கு முன்னால் நனைத்த சாக்கு தொங்கவிட்டு, மறுநாள் மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்தால் மயிரிழை வெடிப்புகள் மூடிக்கொள்ளும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். கடைசியில் எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் அத்தனை வேலையும் வீண். மெல்லிய வெள்ளையடிப்பு நான்கைந்து கை போதும்.

தோட்டத்தையும் இதோடு பார்த்தாக வேண்டும். சுவரை ஒட்டிச் சிமெண்ட் தளமோ பூப்பாத்தியோ இருந்தால் புதுப் பூச்சும் நனைந்துகொண்டே இருக்கும். இரண்டடி அகலத்துக்குச் சரளை போட்டு, வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள். பூவரசு, புன்னை, அரளி உப்புக்காற்றைத் தாங்கும், பழைய வீட்டுக்கும் பொருந்தும். மரங்கள் சுவரைவிட்டுத் தள்ளியே நிற்கட்டும்.

மேலே தண்ணீர் நிற்கும்வரை டிரம் சுண்ணாம்பு கெடாது, நாளாக ஆக இன்னும் நயமாகும். புரட்டாசியில் வாங்கி நிழலில் மூடிவைத்தால் வடகிழக்கு மழை முடிந்து தையில் பூச ஆரம்பிக்கலாம்.