தவறிய அடியையும் காப்பாற்றும் டிரைவர்: சத்தம்தான் பொறுக்க முடியவில்லை

கோல்பில் டீயில் வைத்த பந்தைத் தூரமாக அடிக்கும் பெரிய மட்டைக்கு டிரைவர் என்று பெயர். என்னிடம் இருக்கும் டிரைவரின் அடுத்த மாதிரி கடைக்கு வந்துவிட்டதால் பழையதன் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. கட்டாரில் வேலை செய்யும் களுவாஞ்சிகுடித் தம்பி ஒருவர், "அண்ணன், இப்ப எடுத்தா நல்லமா? புதுசா விளையாடுற ஆளுக்குச் சரிவருமா?" என்று கேட்டிருக்கிறார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை.

கம்பனிப் பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு கம்பனிச் சண்டையாகிவிடும். பெரிய கம்பனிகள் எல்லாமே இந்த வகையில் ஒன்று விற்கின்றன: விதி அனுமதிக்கும் உச்ச அளவான 460 கன சென்ரிமீற்றர் தலை, பின்னுக்குத் தள்ளிவைத்த பாரம், மட்டை முகத்துக்கு 10.5 பாகைச் சாய்வு.

முதலில் அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்தால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் வயல்வட்டை முழுக்க வெறும் அரிதாளாகக் கிடக்கும். உழவு இயந்திரம் போன தடத்தில் டீயை, அதாவது பந்தை ஏற்றிவைக்கும் சின்ன முளையைக் குத்திவைத்து அடிப்பதுதான் என் பயிற்சி. மட்டையின் முகத்தில் குழந்தைப் பவுடரை மெல்லிசாகத் தட்டிவிட்டு அடித்தால், பந்து பட்ட இடம் ஒரு சின்ன வட்டமாகப் பவுடர் இல்லாமல் தெரியும். என் வட்டங்களில் பாதிக்கு மேல் நடுவில் இருப்பதில்லை, தண்டுக்கு எதிரான நுனிப்பக்கம் ஒரு விரற்கடை தள்ளித்தான் இருக்கும். முன்பு வைத்திருந்த சின்னத் தலை டிரைவரில் அந்த இடத்தில் பட்டால் கை அதிரும், பந்து பாதி வழியில் சோர்ந்து விழும். இதில் அதே அடி, நடுவில் பட்டதைவிடக் கொஞ்சத் தூரம் குறைவாக, ஏறக்குறைய அதே நேரில் போகிறது. பொழுதுபோக்காக விளையாடுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

காரணம் எளிது. பந்து நடுவை விட்டு விலகிப் பட்டால் தலை முறுகிக்கொண்டு திரும்பப் பார்க்கும். பாரம் விளிம்பிலும் பின்னாலும் இருந்தால் அது லேசில் திரும்பாது. அப்படித் திரும்ப மறுப்பதற்கும் விதியில் ஓர் எல்லை உண்டு: நிலைக்குத்து அச்சில் 5900 கிராம் சதுர சென்ரிமீற்றர். 2024 இல் வந்த சில மாதிரிகளுக்கு "10,000" என்று விளம்பரம் செய்தார்களே, அது நிலைக்குத்து, கிடை என்ற இரண்டு அச்சுகளின் கணக்கையும் கூட்டிச் சொன்னது. அந்த இலக்கத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அதோடு, டிரைவரின் முகம் தட்டையாக இருப்பதில்லை, தண்டு பொருந்தும் குதிப்பக்கத்துக்கும் நுனிப்பக்கத்துக்கும் இடையே மெல்லிய புடைப்பு உண்டு. வலக்கைக்காரர் நுனியில் அடித்தால் பந்து வலப்பக்கம் கிளம்பி, சுழற்சியால் இடப்பக்கம் வளைந்து நடுவுக்குத் திரும்பும்.

இதை வயலில் அவ்வளவாகக் கவனிக்க முடியாது. திருகோணமலைச் சீனன்குடாவில் விமானப்படையின் கோல்ப் மைதானத்துக்குப் போனபோதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். வாகரை, வெருகல், மூதூர் என்று போய், கிண்ணியாப் பாலம் தாண்டி அவ்வளவு தூரம் ஓடிய அலுப்பெல்லாம், வலப்பக்கப் பற்றைக்குள் போய்விட்டது என்று நினைத்த பந்து காற்றில் திரும்பிப் புல்லுக்கு வந்து விழுந்த அந்த ஒரு அடியில் போய்விட்டது. உடன் ஆடியவரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

சரி, இனிச் சத்தத்துக்கு வருகிறேன்.

தகர வாளியில் கல் எறிந்தது போல ஒரு "டாண்". தலை பெரியது, உள்ளே வெறும் கோறை, ஓடு மெல்லிய டைட்டேனியம். அதிராமல் என்ன செய்யும்? முதல் நாள் வயலில் அடித்தபோது கொக்குக் கூட்டம் மொத்தமாக எழும்பிப் போனது. பக்கத்துப் பூமிக் காவலுக்கு இருந்த பெரியவர் பரணில் இருந்து இறங்கி வந்து, "என்ன மகன், யானை வெடியா போடுறாய்?" என்று கேட்டார். யானைத் தொல்லையால் இரவெல்லாம் விழித்திருக்கிற மனிசன்; அவர் நித்திரையைக் குழப்பிவிட்டோமே என்று எனக்கு மனம் சரியில்லாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு வெயில் ஏறிய பின்தான் அடிக்கிறேன்.

சத்தம் பெரிது என்பதுகூடப் பரவாயில்லை. நடுவில் பட்டாலும் "டாண்", நுனியில் பட்டாலும் அதே "டாண்". பழைய மட்டையில் நல்ல அடிக்கு ஒரு குரல், கெட்ட அடிக்கு ஒரு குரல். பந்தைப் பார்க்காமலே கையும் காதும் சொல்லிவிடும். அப்படித்தான் அடி திருந்தும். இதில் பவுடரைப் பார்த்தால்தான் தெரிகிறது. ஆட்டத்தின் நடுவே முகத்தில் பவுடர் பூசுவது விதிக்கும் ஒத்துவராது. பந்தை இந்த அளவுக்குக் காப்பாற்றுகிற ஒரு சாமான், அடிக்கிறவனுக்கு ஒன்றுமே சொல்லாமல் விடுவது எனக்குக் கடும் கோபம் தருகிறது.

வேறு பெரிய குறை இல்லை. நம் பக்கத்துப் புழுக்கத்தில் பிடி வழுக்கும், ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் போதும்.

அப்ப, தம்பி என்ன செய்யலாம்? தாராளமாக எடுக்கலாம். விலை இறங்கிய பழைய மாதிரியே போதும். வீச்சு வேகம் குறைவு என்றால் 9 பாகை பக்கம் போகவே வேண்டாம், 10.5 அல்லது 12 பாருங்கள். தண்டு இளகியதாக இருக்கட்டும். சுழற்சி குறைந்த மாதிரி என்று கடைக்காரர் எடுத்து நீட்டினால், அது வேகமாக வீசுகிறவர்களுக்கானது, வாங்கிவிடாதீர்கள். முடிந்தால் தண்டை ஓர் அங்குலம் குறைத்துப் போடச் சொல்லுங்கள். தூரம் சற்றுக் குறைந்தாலும் நடுவில் படுவது கூடும். இன்னொன்று, பந்து எப்போதும் வலப்பக்கமே வளைந்து ஓடுகிறது என்றால் அது வீச்சுப் பாதைக்கு மட்டை முகம் திறந்து வருவதால். எந்த விலை டிரைவரும் அதை முழுதாகத் தீர்க்காது.

நான் இன்னொரு முறை இதையே வாங்குவேனா? மாட்டேன். நேராகப் போகிறது, தூரம் தருகிறது, பந்து தொலைவது குறைந்துவிட்டது. எல்லாம் உண்மை. அதற்காக ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க முடியாது. அடுத்தது மேல்மூடி கார்பனில் செய்த தலையாகப் பார்த்து, கடையில் நாலு பந்து அடித்து, சத்தம் காதுக்குப் பிடித்தால்தான் காசை எடுப்பேன்.