பெயிண்ட் ரிமூவர்: பழைய எனாமலுக்கு அருமை, பவுடர் கோட்டிங்குக்கு யோசித்து வாங்குங்கள்

ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் ரிமூவர் என்று கேட்டால் எடுத்துத் தருகிற ஒரு லிட்டர் டப்பாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. கடைக்குக் கடை டப்பாவின் கலரும் விலையும்தான் மாறுகிறது, நான் திருப்பிப் பார்த்த லேபிள்களில் எல்லாம் பெயிண்ட்டைக் கிளப்புகிற மெத்திலீன் குளோரைடு என்ற ரசாயனத் திரவத்தின் பெயர்தான் போட்டிருந்தது. ஆகவே ஒன்றுக்குச் சொல்வது பெரும்பாலும் மற்றதுக்கும் பொருந்தும்.

போட்டுப் பார்த்தது ஒரு பழைய பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். சைக்கிளில். முன்பு வைத்திருந்தவர் பிரேமை மட்டும் நீலத்தில் பவுடர் கோட்டிங் செய்துவிட்டு, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கை என்ன காரணமோ கம்பெனி கறுப்பு எனாமலோடு அப்படியே விட்டிருந்தார். ரிவ்யூ எழுத இதைவிட வசதி ஏது, ஒரே வண்டியில் இரண்டு விதமான பூச்சு.

போர்க்கில் இந்த டப்பா செய்த வேலையைப் பார்த்து அசந்துபோனேன் என்றே சொல்ல வேண்டும். பிரஷ்ஷில் நிறைய எடுத்துத் தடிமனாக, ஒரே திசையில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். வெள்ளையடிப்பது மாதிரி மேலும் கீழும் தேய்க்கக் கூடாது, ஏனென்றால் இதற்குள் கொஞ்சம் மெழுகு கலந்திருக்கும், அது மேலே மெல்லிய படலமாகக் கட்டி உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகாமல் காக்கிறது, மறுபடி தேய்த்தால் படலம் கிழிந்து சரக்கெல்லாம் காற்றில் போய்விடும். முதலில் சற்று நேரம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் போர்க்கின் தலைப்பகுதியான கிரவுன் ஓரத்தில் ஒரு சின்ன சுருக்கம் விழும், அது காய்ச்சிய பாலின் ஆடை மாதிரி மடிந்து மடிந்து கீழே பரவும். பட்டி பிளேடால் லேசாகத் தள்ளினால் போதும், கறுப்பு எனாமல் பிரைமரோடு சேர்ந்து வழித்துக்கொண்டு வருகிறது. கிரவுனும் குழாயும் சேரும் இடத்தில் பித்தளை வைத்துப் பற்றவைத்த கோடு மஞ்சளாக வெளியே தெரிந்தது. எமரி ஷீட் போட்டுத் தேய்த்திருந்தால் அந்த மூலைக்குள் விரலே போயிருக்காது.

பிரேமுக்கு வந்தால் கதை வேறு. டப்பாவைத் தரும்போதே கடைக்காரர், "பவுடர் கோட்டிங்குக்கெல்லாம் இது கேக்காதுங்ணா" என்று சொல்லித்தான் தந்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை. பவுடர் கோட்டிங் என்பது பெயிண்ட் மாதிரி காய்ந்த பூச்சு இல்லை. பிளாஸ்டிக் தூளை மின்னூட்டம் கொடுத்து இரும்பில் ஒட்டவைத்து, 180 முதல் 200 டிகிரி வரை ஓவன் அடுப்பில் வேகவைக்கிறார்கள், தூள் உருகி அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகிவிடுகின்றன. அதற்கப்புறம் எந்தத் தின்னரும் அதைக் கரைக்க முடியாது. தடிமனும் அதிகம், சாதாரணமாக 60 முதல் 100 மைக்ரான், கை தாராளமான ஆள் அடித்திருந்தால் அதற்கும் மேலே. மெத்திலீன் குளோரைடு இதைக் கரைப்பதில்லை, மூலக்கூறு ரொம்பச் சின்னது என்பதால் பூச்சுக்குள் நுழைந்து அதை ஊதவைத்து இரும்பிலிருந்து பிடியை விடவைக்கிறது. நுழைய நேரம் வேண்டும், நுழையும் வரை அது ஆவியாகாமல் இருக்கவும் வேண்டும். பிரச்சினை அங்கேதான். இதன் கொதிநிலை சுமார் 40 டிகிரி. கோயம்புத்தூரிலேயே ஏப்ரல் மாசம் மதியம் டப்பாவைத் திறந்தால் புஸ்ஸென்று சத்தம் வருகிறது, வேலூர், திருச்சிக்காரர்கள் விடியற்காலையில் செய்வதே நல்லது.

சும்மா பூசி விட்டால் நீலம் பளபளப்பை இழந்து மங்குவதோடு சரி, மேல்தோல் மட்டும் பிசுபிசுக்கும், பிளேடு வழுக்கிக்கொண்டு போகும். முதலில் 40 நம்பர் எமரி ஷீட்டால் நன்றாகக் கீறிவிட்டு, தடிமனாகப் பூசி, உடனே பாலித்தீன் ஷீட்டால் இறுக்கிச் சுற்றி வைத்துவிட்டால் நிலைமை மாறுகிறது. மேல் குழாயிலும் சீட் குழாயிலும் ஷீட்டைப் பிரிக்கும்போதே நீலம் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை பட்டையாகக் கழன்று வந்தது, அடியில் துரு பிடிக்காமலிருக்கப் பாஸ்பேட் போட்ட சாம்பல் நிறம் தெரிந்தது. நேர் குழாய்களுக்கு இது போதும். குழாய்கள் சேரும் இடத்தில் உறை மாதிரி இருக்கும் லக்கின் ஓரம், பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டின் அடிப்பக்கம், மட்கார்ட் மாட்டுகிற பாலம், இந்த இடங்களில் ஷீட் ஒட்டி உட்காராது, பூச்சும் அங்கேதான் தேங்கித் தடித்திருக்கும். அந்தப் பாலத்துக்கு அடியில் நீலத்தைச் சுரண்டினால் கீழே பழைய கறுப்பு எனாமல் அப்படியே இருந்தது, பவுடர் கோட்டிங் போட்டவர் எவ்வளவு சிரத்தையாகக் கிளீன் செய்திருக்கிறார் பாருங்கள். ஒரு லிட்டரில் முக்கால்வாசியைப் பிரேம் மட்டுமே குடித்துவிட்டது, போர்க்குக்கு ஆனது ஒரு டம்ளர் கூட இருக்காது. டப்பாவை நான் வாங்கிய விலை சுமார் 400 ரூபாய்.

இப்போது கசப்பான பகுதி. அமெரிக்காவில் மெத்திலீன் குளோரைடு கலந்த பெயிண்ட் ரிமூவரைப் பொதுமக்களுக்குக் கடையில் விற்பதை 2019-இல் தடை செய்துவிட்டார்கள், ஐரோப்பாவில் அதற்கும் முன்பே. காரணம், மூடிய பாத்ரூமுக்குள் இதை வைத்து வேலை செய்தவர்கள் மயங்கி விழுந்து செத்திருக்கிறார்கள். இதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். மூச்சில் உள்ளே போனதில் ஒரு பகுதியை உடம்பே கார்பன் மோனாக்சைடாக மாற்றிவிடும், இதயக் கோளாறு உள்ளவர்கள் பக்கத்திலேயே வரக் கூடாது. வாசனை லேசாக இனிப்பாக இருப்பதால் ஆபத்தாகத் தோன்றாது என்பதுதான் கொடுமை. துணி மாஸ்க் சுத்த வேஸ்ட். கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க்கைக் கூட இந்த ஆவி சீக்கிரமே தாண்டிவிடும், அதை நம்பி அறைக்குள் செய்யாதீர்கள். மொட்டைமாடி, காற்றோட்டம், காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி நிற்பது, நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவும் கட்டாயம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நீல நைட்ரைல் கையுறையை இது சில நிமிஷங்களில் ஊடுருவிவிடுகிறது. முதலில் தோலில் ஜில்லென்று இருக்கும், பிறகு எரியும். இதற்கென்று உள்ள, பல அடுக்குப் படலத்தால் ஆன லேமினேட் கையுறை இங்கே சாதாரணக் கடைகளில் கிடைப்பதில்லை, கிடைக்காவிட்டால் தடித்த கையுறை போட்டு, நீளக் கைப்பிடி பிரஷ் வைத்து, நனைந்த உடனே கழற்றிவிட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், பிளேடு நழுவும்போது துளி எகிறும். தெர்மோகோல் கப், சாதா பிளாஸ்டிக் கிண்ணம் எதிலும் ஊற்றாதீர்கள், தெர்மோகோல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்துவிடும், சில பிளாஸ்டிக்கும் இளகிவிடும். பழைய எவர்சில்வர் டம்ளர் போதும், அது மறுபடி சமையலறைக்குள் போகக் கூடாது.

சரி, இத்தனைக்கும் பதிலாக வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. லக் ஓரங்களில் ரிமூவர் கைவிட்ட நீலத்தை எடுக்க 2,000 வாட் ஹீட் கன் வைத்துப் பார்த்தேன். எனக்கு இதுதான் பிடித்தது. ஒரு விரல் தூரத்தில் வைத்துச் சூடேற்றினால் பவுடர் கோட்டிங் இளகி ரப்பர் மாதிரி ஆகும், அந்தச் சமயத்தில் பிளேடால் தள்ளினால் வந்துவிடும், கொஞ்சம் ஆறவிட்டாலும் மறுபடி கல். புகை வருகிற அளவுக்குச் சூடேற்றக் கூடாது, அந்தப் புகையும் நல்லதில்லை. பித்தளை உருக 900 டிகிரி அளவுக்குப் போக வேண்டும், ஆகவே ஜாயிண்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு விஷயம் முக்கியம்: ரிமூவர் ஈரம் இருக்கும் இடத்தில் ஹீட் கன்னைக் காட்டவே கூடாது. மெத்திலீன் குளோரைடு அதிக சூட்டில் சிதைந்தால் பாஸ்ஜீன் வாயு வரலாம், முதல் உலகப் போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய அதே பாஸ்ஜீன்தான். நன்றாகக் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவைத்த பிறகுதான் நான் ஹீட் கன்னைத் தொட்டேன். புதிதாக ஆரம்பிக்கிறவர் பவுடர் கோட்டிங்குக்கு ஹீட் கன்னோடு நிறுத்திக்கொண்டு ரிமூவர் பக்கமே போகாமல் இருக்கலாம்.

இதெல்லாம் இரும்புப் பிரேமுக்குத்தான். அலுமினியப் பிரேமுக்கு 6061 போன்ற அலுமினியக் கலவையை 175 டிகிரி சுற்றி வேகவைத்துத்தான் வலுவேற்றியிருப்பார்கள், அதன் மேல் 400, 500 டிகிரி காற்றை ஒரே இடத்தில் ஊதினால் அந்த வலு போய்விடும், வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. அலுமினியத்துக்கு ரிமூவரே மேல். சிலர் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்கிறார்கள், இரும்பில் சரி, அலுமினியத்தைக் காஸ்டிக் தின்றுவிடும். கார்பன் பிரேமில் ரிமூவர், ஹீட் கன் இரண்டுமே கூடாது. கையால் உப்புத்தாள் போட்டு மெதுவாகத் தேய்ப்பதுதான், அதுவும் தண்ணீர் தொட்டு.

கிரைண்டரில் கம்பி கப் பிரஷ் மாட்டி அடிப்பது ஊரெல்லாம் செய்கிற வழி. எனாமலுக்கு ஓரளவு சரி, பவுடர் கோட்டிங் சூட்டில் இளகி இரும்பிலேயே அப்பிக்கொள்ளும். கம்பித் துண்டுகள் தெறித்துச் சட்டையில் குத்தி நிற்கும். பழைய எஸ்.எல்.ஆர். குழாய் தடிமன் என்பதால் தாங்கும், ஆனால் குரோமோலி என்ற வலுவான எஃகுக் கலவையில் செய்த நல்ல பிரேம்களில் குழாயின் நடுப்பகுதி 0.5, 0.6 மில்லிமீட்டர்தான் இருக்கும், அதில் கிரைண்டரில் மாட்டுகிற உப்புத்தாள் தட்டான ஃபிளாப் டிஸ்க்கை வைப்பவரைப் பார்த்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். இன்னொன்று, பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதியே இந்தியாவில் 2016-இல்தான் வந்தது. வீட்டில் குழந்தை இருந்தால் உலர்ந்த தூள் பறக்க விடவே கூடாது, ரிமூவருக்கு இருக்கும் ஒரு பெரிய சாதகம் இந்தத் தூள் இல்லாததுதான்.

கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி கணபதி பக்கம் ஜாப் வொர்க் எடுக்கும் பட்டறைகள். அங்கே காற்றழுத்தத்தில் மணலை அடித்துப் பூச்சை எடுக்கிற பிளாஸ்டிங் செய்து தருவார்கள். சைக்கிள் பிரேம் என்று முதலிலேயே சொல்லுங்கள், தடிமனான பம்ப் வார்ப்புகளுக்கு அடிக்கிற அழுத்தத்தில் அடித்தால் மெல்லிய குழாயில் குழி விழும். பாட்டம் பிராக்கெட் மரைக்கு அதில் திருகுகிற பேரிங் கப்பில் பழையது ஒன்றை மாட்டி அனுப்புங்கள், மரைக்குள் மணல் போனால் அப்புறம் கப் ஏறாது. பிரேம் நம்பர் குத்தியிருக்கும் இடத்தில் மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள். கூடவே ஆசிட் தொட்டியில் முக்கி எடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், குழாய்க்குள் போன ஆசிட் முழுக்க வெளியே வராது, உள்ளிருந்தே துருப்பிடிக்கும். முழுப் பிரேமும் பவுடர் கோட்டிங் என்றால் என் ஓட்டு பட்டறைக்குத்தான். எனாமல் போட்ட பழைய ஹெர்குலிஸ், ராலே, பி.எஸ்.ஏ. என்றால் 400 ரூபாய் டப்பாவை நம்பி வாங்கலாம், லக் வேலைப்பாடு ஒன்றும் கெடாது.

எந்த வழியில் உரித்தாலும் வெறும் இரும்பை ராத்திரி வைத்துவிடாதீர்கள், காலையில் செம்மண் நிறத்தில் பொடிப் பொடியாகத் துரு நிற்கும், ஐப்பசி மழை நேரத்தில் கேட்கவே வேண்டாம். ரிமூவர் போட்டதாக இருந்தால் அந்த மெழுகு இரும்பில் ஒட்டியிருக்கும், தண்ணீர் மட்டும் ஊற்றினால் போகாது. பனியன் வேஸ்ட்டில் தின்னர் தொட்டு, துணி அழுக்காகாமல் வரும் வரை துடைத்துவிட்டு அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரைமர் அங்கங்கே விலகி வட்ட வட்டமாக நிற்கும். உரித்த குப்பையைச் சாக்கடையில் தள்ளாமல் தகர டப்பாவில் போட்டுக் கட்டி வையுங்கள். மீதி ரிமூவர் இருந்தால் நிழலில் வைத்து, அடுத்த முறை திறக்கும்போது மூடிமேல் ஈரத்துணி போட்டு மெதுவாகத் திருகுங்கள், உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும், முகத்தை நேரே காட்ட வேண்டாம்.